உப்பில்லாமல் புறப்பட்ட தூத்துக்குடித் தோணி

உப்பு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினேன். ஒரு கரப்பான் பூச்சி விழுந்தது. வேறு ஒன்றும் விழவில்லை.

தோணி கரையை விட்டு வந்து ஒரு பகல் ஆகியிருந்தது. பின்னால் தூத்துக்குடி கண்ணுக்கு மறைந்தாயிற்று. முன்னால் மாலத்தீவு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, பல்லாரி வெங்காயம் வதங்குகிறது, உப்பு மட்டும் இல்லை.

எந்த ஊர்த் தோணியில் இல்லை என்பதுதான் விஷயம். ரோட்டோரம் முழுக்க உப்பை மலை மலையாகக் குவித்து, மழைக்கு ஓலை போட்டு மூடிவைத்திருக்கிற ஊர் எங்களுடையது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் இறங்கும்போது உதடு கரிக்கும். அந்த ஊரிலிருந்து கிளம்பிய தோணியில் ஒரு சிட்டிகை உப்பு கிடையாது.

தண்டல் ஜெரோம் அண்ணாச்சி சமையல் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, அப்படித் தோணிக்குத் தண்டல். நான் அந்தத் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரன்.

"என்னலே மிக்கேலு, டப்பாவுக்குத் தாளம் போடுத?"

"சும்மா அண்ணாச்சி. துரு பிடிச்சிருக்கான்னு பாக்கேன்."

"துருவாவது இருக்கா?" என்றார். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

வாங்காத சாமான்

நீங்கள் கேட்பீர்கள், ஒரு பண்டாரி உப்பு வாங்க மறப்பானா என்று. மறக்கவில்லை ஐயா. வாங்குகிற வழக்கமே இல்லை.

தோணிக்கு அரிசி பருப்பெல்லாம் மார்க்கெட் அண்ணாச்சி கடையில் வாங்குவோம். உப்பை அந்தக் கடையில் கேட்டால் அவரே சிரிப்பார். "தூத்துக்குடிக்காரன் உப்பைக் காசு குடுத்து வாங்குதான்னு பக்கத்து ஊர் ஏரல்காரன் கேள்விப்பட்டா நமக்குத்தான் கேவலம்" என்பார்.

வழக்கம் இதுதான். தோணி சரக்கு ஏற்றுகிற துறையில், பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு தோணிக்கு உப்பு மூடை ஏறிக்கொண்டிருக்கும். பண்டாரி தன் டப்பாவை அங்கே ஓரமாக வைத்துவிட்டுப் போவான். மூடை சுமக்கிறவர்கள் கிழிந்த சாக்கிலிருந்து சிந்துவதை அதில் அள்ளிப் போட்டு, மூடியையும் போட்டுவிடுவார்கள். கிளம்பும்போது யாராவது ஒருவர் டப்பாவைத் தூக்கித் தோணிக்குள் வைப்பார். யார் போட்டது, யார் தூக்கியது, ஒருவருக்கும் தெரியாது. அத்தனை வருஷமும் டப்பா நிறைந்தேதான் வந்தது.

அந்த மார்கழியில் விடாத மழை. அந்த வாரம் உப்பு மூடை ஒன்றுகூடத் துறைக்கு வரவில்லை. டப்பா நான் வைத்த இடத்திலேயே, மழைக்காக நானே மூடிவைத்தபடி இருந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் கனத்தைக்கூடப் பார்க்காமல், மூடி இருக்கிறது, சரிதான் என்று ஏற்றிவிட்டான்.

இரண்டு பண்டாரி, ஒரு வேலை

வேறு ஒரு வருஷமாக இருந்தால் இதைச் சிரித்துக் கடந்திருப்பேன். அந்த வருஷம் முடியாது.

எங்கள் முதலாளிக்கு இரண்டு தோணி. ஒன்றில் நான் பண்டாரி. இன்னொன்றில் என் மனைவி செலினுடைய தம்பி அந்தோணி பண்டாரி. இரண்டு தோணியும் பழசு. இரண்டையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு பெரிய புதுத் தோணி கட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. அதற்குத் தண்டல் ஜெரோம் அண்ணாச்சி என்று முடிவாகிவிட்டது. பண்டாரி யார் என்பதை அண்ணாச்சியின் நாக்கே முடிவு செய்யட்டும் என்று முதலாளி விட்டுவிட்டார்.

இரண்டு தோணியும் ஒன்றாகத்தான் புறப்பட்டன. மாலத்தீவில் இறக்குவதற்கு இடம் கிடைக்கும்வரை பக்கத்தில் பக்கத்தில் நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அங்கேதான் வரும்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானம் உன் கைச்சோறு, சாயங்காலம் அந்தோணி கைச்சோறு" என்றார் ஜெரோம் அண்ணாச்சி. "மறுநாள் முதலாளிக்குப் போன் போட்டுப் பேரைச் சொல்லிருவேன். அதுக்குள்ள உப்பு எங்கன இருந்து வருமோ எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணுலே, அந்தோணிகிட்ட கையேந்தப் போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போ. நான் அதைப் பாக்கணும்."

மகள் படித்த பாடம்

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் அப்போது பிளஸ் ஒன். பொருளியல் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். நான் கொல்லையில் மீன் அலசிக்கொண்டு கேட்பேன். என் பொருளியல் படிப்பு முழுக்கவும் செதிலோடு சேர்ந்து வந்ததுதான்.

மனிதனுக்குத் தேவை வேறு, விருப்பம் வேறு. விருப்பத்துக்குக் கரை கிடையாது. நிறைவேற்றுவதற்கான பொருளுக்கோ உண்டு. அந்த இடைவெளிக்குப் பெயர் பற்றாக்குறை. இதுதான் முதல் பாடம்.

"இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் எதுக்கு? நம்ம தெருக்குழாயில போய் நின்னா போதுமே" என்றேன் ஒருநாள்.

"பரீட்சையில தெருக்குழாய்னு எழுதுனா மார்க் போட மாட்டாங்கப்பா" என்றாள்.

தெருக்குழாய் என்றதும் என் பெரியப்பா ஞாபகம். சங்கு குளிக்கிறவர். ஒரு மூச்சுக்குக் கடலடி போய்த் திரும்புவார். முத்துக் குளித்த காலத்துக் கதைகளும் நிறைய வைத்திருந்தார். "முத்து யாருக்குலே வேணும்? கழுத்து இருக்கவனுக்கு ஆசை, காது இருக்கவளுக்கு ஆசை. எனக்கு வேண்டியது மூச்சு. அது சிப்பிக்குள்ள கிடையாது" என்பார். அப்படி நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே பிழைத்த மனுஷர், வீட்டுக்கு வந்து குடிதண்ணீர்க் குழாயடிச் சண்டையை விலக்கப் போய், குடத்தால் அடி வாங்கிப் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் குடம்தான். ஆனால் நிறைகுடம்.

சரி, தோணிக்கு வருகிறேன்.

ஊறுகாய் ராஜ்ஜியம்

சுற்றிலும் கடல், கடல் பூராவும் உப்பு, பிறகென்ன என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நடுக்கடலில் இருந்தவரை குழம்புக்கு அரைச் செம்பு கடல்தண்ணீர் விட்டு ஒப்பேற்றினேன். சோற்றுக்கு விட்டபோதுதான் லேசாகக் கசந்தது. "மருந்துன்னு நினைச்சு முழுங்குங்க" என்றேன். முழுங்கினார்கள்.

ஆனால் நங்கூரம் போட்ட இடத்தில் நாலா பக்கமும் கப்பலும் படகும். தண்ணீர் மேல் எண்ணெய் வானவில்லாக மின்னுகிறது. முதல் நாள் அது தெரியாமல் அள்ளிச் சாம்பாரில் விட்டுவிட்டேன். இஞ்சின் டிரைவர் சூசை அண்ணன் மட்டும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். மற்றவர்கள் தட்டோடு எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் மருந்துப் பெட்டியைக் குடைந்தேன். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற பொடி இருந்தது. அதில் உப்பு உண்டே! ரசத்தில் போட்டேன். அது ஆரஞ்சு வாசனைப் பொடி என்பதைக் கவனிக்கவில்லை.

ஜெரோம் அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "ஏலே, இது ரசமா, சோடாக் கலரா? கலருன்னா ஐஸ் போட்டுக் குடு" என்றார்.

கரைக்குப் போய் வாங்கவும் வழியில்லை. துறைமுகத்தில் அனுமதி வந்தால்தான் கரையில் கால் வைக்கலாம்.

இதற்குள் தோணிக்குள் புதுசாக ஒரு பணக்காரர் உருவாகிவிட்டார். அதே சூசை அண்ணன்தான். அவரிடம் அவர் சம்சாரம் போட்டுக் கொடுத்த மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் இருந்தது. ஊரில் அந்த ஊறுகாயை சும்மா கொடுத்தாலும் யாரும் தொட மாட்டோம். அவ்வளவு கரிப்பு. இப்போது அந்தப் பாட்டிலைக் கண்டாலே எல்லோருக்கும் நாக்கில் தண்ணீர் ஊறியது.

அவருடைய துணியை ஒருவன் துவைத்தான். இன்னொருவன் கால் பிடித்துவிட்டான். பதிலுக்கு ஒரு கீற்று மாங்காய். அதைச் சோற்றில் வைக்காமல் வாயோரம் ஒதுக்கி, சாப்பாடு முடியும்வரை சப்பினார்கள்.

"அண்ணே, எங்களுக்கு அது தேவை. உமக்கு அது ஆசை. பாதியாவது குடும்" என்று என் பொருளியலை எடுத்துவிட்டேன்.

"மாத்திச் சொல்லுத" என்றார் சூசை அண்ணன். "எனக்கு இது தேவை. ஏன்னா நான் பொறந்ததுல இருந்து ஊறுகாய் தின்னுதேன். உங்களுக்கு ஆசை. ஏன்னா நாலு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இதைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சிய."

என் மகள் அவ்வளவு தூரம் படித்திருக்கவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டில் உப்பே சேர்க்க மாட்டேன், டாக்டர் ஆகாதென்றுவிட்டார் என்று பெருமை பேசுகிற ஒருவர் எங்களோடு இருந்தார். அவர்தான் மற்ற எல்லோரையும்விட அதிகமாக உப்பு உப்பு என்று அரற்றினார். இருக்கும்போது வேண்டாம் என்பது வைராக்கியமாம். இல்லாதபோது வேண்டாம் என்றால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நியாயம்தான்.

இரண்டு வள்ளம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் மானத்தைச் சுருட்டி மடியில் கட்டினேன். தோணியோடு இழுத்து வந்த சின்ன வள்ளத்தை அவிழ்த்தேன். துண்டுக்கு அடியில் காலி டப்பா. ஜெரோம் அண்ணாச்சி தூங்கட்டும் என்று துடுப்பைச் சத்தமில்லாமல் போட்டேன். அந்தோணியின் தோணி கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால்.

பாதி தூரம் போயிருப்பேன். எதிரே இன்னொரு வள்ளம். அதில் அந்தோணி. மடியில் ஒரு துண்டு, துண்டுக்கு அடியில் ஏதோ சதுரமாக.

"என்ன மாப்ள, இங்கன?" என்றேன்.

"சும்மா அத்தான். உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு. நீங்க?"

"நானும் சும்மாதான். உன்னைப் பாக்கலாம்னு."

பார்த்துக்கொண்டோம். இரண்டு வள்ளமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின. எனக்குத் தெரிந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக எங்கேயும் போனதில்லை. கல்யாண வீட்டில்கூட வேறு வேறு பந்தி.

"மடியில என்ன?" என்றான்.

"உன் மடியில என்ன?"

ஒரு அலை வந்து இரண்டு வள்ளத்தையும் தூக்கிப் போட்டது. என் துண்டும் விழுந்தது, அவன் துண்டும் விழுந்தது. இரண்டு டப்பா. இரண்டும் 'டங்'கென்று வெறும் சத்தம்.

"ஏலே, நீயும் துறையிலதான் வச்சிருந்தியா?"

"உங்க டப்பா பக்கத்துலதான் வச்சேன் அத்தான்! அத்தான் வச்சிருக்காரே, எப்படியும் உப்பு மூடை வரும்னு நம்பித்தான் வச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

ஒரே ஒரு பொட்டலம்

அப்போது மாலத்தீவு மீன்பிடிப் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நடுத்தண்ணீரில் இரண்டு பேர் ஆளுக்கொரு காலி டப்பாவை வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, பைத்தியமோ என்று நிறுத்தினார்கள். டப்பாவைக் காட்டி, விரலை நக்கிக் காட்டினோம். ஒருவன் உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்து வந்து வீசினான். பொடி உப்பு. கையளவு. அவ்வளவுதான் அவர்களிடமும் இருந்தது.

பொட்டலம் இரண்டு வள்ளத்துக்கும் நடுவில் வந்தது. இரண்டு பேரும் பிடித்தோம். இரண்டு பேரும் விடவில்லை.

"விடுலே, என் பக்கம்தான் வீசுனான்."

"அத்தான், உங்க பக்கம்னு கடல்ல கோடு கிழிச்சிருக்கா?"

"பாதிப் பாதி வச்சுக்குவோம்."

"பாதி உங்க குழம்புக்கும் காணாது, என் குழம்புக்கும் காணாது. ரெண்டு பேரும் அரை உப்புல போட்டுக்குடுத்தா அண்ணாச்சி ரெண்டையும் துப்புவாரு."

பிறகு அவன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். பொட்டலத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "உங்களுக்கென்ன அத்தான். அக்கா தையல் மிஷின் போடுதா. ஹார்பர் கேட்டுக்கிட்ட கேன்டீன்காரரு எப்ப வாரிய எப்ப வாரியன்னு உங்களைக் கூப்பிட்டுட்டே இருக்காரு. உங்க வாய்க்குக் கரையில நூறு பேரு வேலை குடுப்பான். எனக்கு இதை விட்டா என்ன தெரியும்? பிள்ளைய ரெண்டும் காலேஜுல. முதுகு வேற பிடிச்சுக்கிட்டு. மூடை தூக்கவும் முடியாது. நான் பேசுனா அக்காவே தூங்கிருவா."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்குக் கேன்டீன் வேலை இருக்கத்தான் செய்தது. பிறகு ஏன் இந்தப் பண்டாரி வேலைக்கு இப்படிப் பறந்தேன்? யோசித்துப் பார்த்தேன். மச்சினனை ஜெயிக்க வேண்டும். செலினிடம் போய், "உன் தம்பி சமையல் லட்சணத்தைப் பாத்தியா" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். என் தேவையெல்லாம் அவ்வளவுதான்.

"நீயே வச்சுக்கோ மாப்ள" என்று பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இரந்து கேட்டேனா? நீங்களே வச்சுக்கோங்க!" என்று என் பக்கம் தள்ளினான்.

"ஏலே, மூத்தவன் சொல்லுதேன், வாங்கு."

"இளையவன் சொல்லுதேன், வேண்டாம்."

இன்னும் ஒரு தள்ளு. அதற்கும் மேல் ஒரு தள்ளு. பொட்டலம் இரண்டு கையிலிருந்தும் நழுவி, இரண்டு வள்ளத்துக்கும் நடுவில், 'ப்ளக்' என்று விழுந்தது.

குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு கடலோடு போய்விட்டது.

"கடலுக்கு உப்பு பத்தாமக் கிடந்துச்சுன்னு போட்டோமாக்கும்" என்றான் அந்தோணி.

பேசத் தெரியாதவன் என்று யார் சொன்னது?

கிறிஸ்துமஸ் சாப்பாடு

மறுநாள் காலை நான் மீனை வெட்டி வைத்துக்கொண்டு சட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சூசை அண்ணன் பாட்டிலோடு வந்தார். மிச்ச ஊறுகாயை, எண்ணெயோடு, அடிவண்டலோடு, அப்படியே சட்டியில் கவிழ்த்தார்.

"என்னண்ணே, ராஜ்ஜியம் போச்சே!"

"இன்னைக்குப் பொறந்த நாள் எனக்கா? அவருக்குல்லா" என்று வானத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மாங்காய்ப் புளிப்போடு அந்த மீன் குழம்பு எப்படியோ கூடி வந்துவிட்டது. ஜெரோம் அண்ணாச்சி தட்டை வழித்துச் சாப்பிட்டார். சாயங்காலம் அந்தோணி தன்னிடமிருந்த கருவாட்டை வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே குழம்பு வைத்திருந்தான். அங்கேயும் தட்டை வழித்துத்தான் சாப்பிட்டாராம்.

அடுத்த நாள் அனுமதி வந்தது. தோணியைத் துறையில் கட்டியதும் ஜெரோம் அண்ணாச்சி போனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீயே சொல்லு மிக்கேலு. முதலாளிகிட்ட உன் பேரைச் சொல்லவா, அந்தோணி பேரைச் சொல்லவா?"

என் பேரைச் சொல்லத்தான் வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், 'என்' வரைக்கும் வந்துவிட்டது.

"என் மச்சினனை எடுங்க அண்ணாச்சி" என்றேன். "ரசம் மட்டும் வைக்க விடாதீய. கழனித் தண்ணி மாதிரி இருக்கும்."

"ஆரஞ்சு வாசம் அடிக்காதுல்லா?" என்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டார். "நேத்து ராத்திரியே அவன் பேரைச் சொல்லிட்டேம்லே. உன் வாயில இருந்தும் அது வருதான்னு பாத்தேன்."

ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்தக்கூட அந்த மனுஷர் இடம் கொடுக்கவில்லை.

செலின் சொன்னது

வீட்டுக்கு வந்து எல்லாக் கதையையும் செலினிடம் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீ எனக்காக மாதா கோயில்ல வேண்டவே இல்லையா?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"வேண்டாம இருப்பேனா? ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். ரெண்டு மெழுகுவர்த்தி வாங்கத்தான் போனேன். கிறிஸ்துமஸ் நெருக்கத்துல எல்லாம் வித்துப்போய்க் கடையில ஒண்ணுதான் இருந்துச்சு."

"அந்த ஒண்ணை யாருக்கு ஏத்துன?"

மிஷின் நின்றது. வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினாள்.

"உங்களுக்குத்தான் ஏத்துனேன். காத்து வந்து அணைச்சுட்டுது. திருப்பிப் பத்த வைக்கும்போது தம்பி ஞாபகம் வந்துட்டுது."